லைட் டியூட்டி எழுதிய கைக்கு

தம்பி,

நீ சுகமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டு மையை வீணாக்கப் போவதில்லை. என் சுகத்தையும் நீ விசாரிக்க வேண்டாம். கால் வலி இல்லை, சர்க்கரை ஏறவில்லை, பிரஷர் மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஏறிக் கிடக்கிறது. அதற்குக் காரணம் நீ. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சொல்வாய். சொல்லிக்கொள். ஆறட்டும் என்று சில நாள் விட்டுப் பார்த்தேன், ஆறவில்லை. போனில் பேசினால் 'அப்புறம் பேசறேம்மா' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது.

ஞாயிறு காலைப் பூசையில் உன் கல்யாண ஓலை வாசித்தார்கள். நீ ரீட்டா வீட்டாரோடு அவர்கள் கோவிலுக்குப் போய்விட்டதால் கேட்கவில்லை. சாமியார் உன் ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயர், என் பெயர் எல்லாவற்றையும் வாசித்தார். உன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று சொல்லும்போது அவருக்கே குரல் கொஞ்சம் உயர்ந்தது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று வழக்கம்போல முடித்தார். முன் வரிசையில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நானும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். தேக்கா மார்க்கெட்டில் எனக்குக் காய்கறி விற்கிறவள்கூட அன்றைக்கு என் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

பூசை முடிந்து படியிறங்கும்போது ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். சகாயமேரி என்று பெயர். ஜொகூரிலிருந்து வந்து, குவீன்ஸ்டவுனில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ஒர்க் பெர்மிட்டில் வந்தவள். கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு யாரோடும் பேசாமல் போய்விடுவாள். முகம் தெரியும், பழக்கம் இல்லை.

"ஆன்ட்டி, இப்ப ஓலை வாசிச்சாங்களே, அந்த டாக்டர் உங்க மகனா?"

"ஆமாம்மா."

"குவீன்ஸ்டவுன்ல அடுக்குமாடி பிளாக் கீழ்க்கடையில கிளினிக் வெச்சிருக்காரே, அவரா?"

புகழத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். என் புத்தியைப் பார். அவள் முக்காட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த இடது கையை வெளியே எடுத்தாள். ஆள்காட்டி விரலில் கட்டு. கட்டின் மேல் ஒரு கைக்குட்டை. கைக்குட்டைக்கு மேலும் வாடை வந்தது. புறங்கை வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா? இப்பிடி இருந்தா பரவாயில்லையான்னு. நா வந்து கேட்டேன்னு மட்டும் சொல்லிறாதீங்க ஆன்ட்டி. கம்பெனிக்குத் தெரிஞ்சா பெர்மிட்டு கட் பண்ணிருவாங்க."

கேட்டுக் கேட்டுத்தான் கதையை வாங்கினேன். அழுத்து இயந்திரத்தில் விரல் மாட்டியிருக்கிறது. சூப்பர்வைசர் கம்பெனிச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து உன்னிடம் அனுப்பியிருக்கிறான். நீ கழுவித் தையல் போட்டு, மாத்திரை கொடுத்து, லைட் டியூட்டி என்று எழுதி அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய். லீவுக்கு எம்.சி. கேட்டாளா என்றேன். கேட்டாளாம். 'ஒரு கை நல்லாத்தானே இருக்கு' என்று நீ சிரித்தாயாம். தொழிற்சாலையில் லைட் டியூட்டி என்று தனியாக ஒரு வேலை இருக்கிறதா என்ன? உருப்படிகளைக் கழுவுகிற தொட்டியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு நாள் முழுக்க ஈரத்தில். மறுபடி உன்னிடம் வர இன்னொரு சீட்டு கேட்டபோது, டாக்டர்தான் சின்னக் காயம் என்று எழுதியிருக்கிறாரே என்று சூப்பர்வைசர் மறுத்துவிட்டான். சீட்டு இல்லாமல் காசு கொடுத்து வந்திருக்கலாமே என்று நீ கேட்பாய். கம்பெனி டாக்டரிடம் கம்பெனிக்குத் தெரியாமல் போனால் அதுவும் குற்றமாகிவிடும் என்று பயந்திருக்கிறாள். பயந்தது தப்பா?

அவளை டாக்சியில் ஏற்றி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டைப் பிரித்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படம் எடுத்தார்கள். எலும்பும் நொறுங்கியிருந்தது. அவளைப் படுக்கையில் சேர்த்துவிட்டு, கீழே வந்து பொதுத் தொலைபேசியில் ரீட்டா வீட்டுக்குப் போன் போட்டேன். நீ மதியச் சாப்பாட்டில் இருந்தாய். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. நான் பத்துக் காசுகளாகப் போட்டுக்கொண்டே பேசினேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது, எழுதுகிறேன்.

"அம்மா, கம்பெனிக்குப் பாக்கற எல்லா பேனல் கிளினிக்கும் இப்படித்தான் லா. போன மாசம் எம்.சி. ஜாஸ்தின்னு கம்பெனி பெர்சனல் மேனேஜரே போன் பண்ணாரு. நாலு நாள் குடுத்தா அவங்க லேபர் ஆபீசுக்கு ரிப்போர்ட் பண்ணணும். என்னைத் தூக்கிட்டு அடுத்த பிளாக் டாக்டரைப் போட்டுக்குவாங்க."

"படம் எடுத்தியாடா?"

"கிளினிக்கலா பாத்தேன். மூவ் ஆச்சு. அம்மா, கேளுங்க. கம்பெனி கான்ட்ராக்ட் இருக்கறதாலதான் பிளாக்ல இருக்கற கிழவங்களுக்கு நான் பாதி வாங்கறேன், சில பேருக்கு வாங்கறதே இல்ல. அது போச்சுன்னா அவங்கள யாரு பாக்கறது? நீங்கதானே அன்னிக்குப் பெருமையாச் சொன்னீங்க?"

சொன்னேன். கிளினிக் திறந்த அன்று அந்தச் சீனத் தாத்தா ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்ததையும், மூன்றாம் மாடி மலாய்ப் பாட்டி, அந்த மக்சிக், உன் தலையில் கை வைத்து வாழ்த்தியதையும் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தேன். இன்ஷூரன்சு, கம்பெனி ஒன்றும் இல்லாத மனிதர்கள் ஓர் இடத்துக்குக் கூச்சப்படாமல் வர முடிகிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அதை நான் இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் நீ அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, ஒரு வார்த்தை மாறாமல் அதை நான் முன்பே ஒருவர் வாயால் கேட்டிருக்கிறேன். காசு தீர்ந்து போன் தானாக அறுந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி நடையில் நின்று உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பேன்.

அந்த ஒருவர் யார் என்று சொல்கிறேன். உன் கிளினிக்கில் நாற்காலிக்குப் பின்னால் படமாக மாட்டி வைத்திருக்கிறாயே, அவர்தான். நம் சிராங்கூன் ரோட்டு டாக்டர்.

உன் அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்ததும், நாம் பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஒற்றை அறையில் இருந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் வடையும் மீ கோரெங்கும் விற்றுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பட்டறை வைத்தியம் உண்டு, அது அவர் ஒருவருக்கு மட்டும். பெண்டாட்டி பிள்ளைக்குக் கிடையாது. ஆக ஒரே அறைக்குள் இரண்டு சாதி நோயாளிகள். அவருக்குக் காய்ச்சல் என்றால் பட்டறை ஆபீசில் சீட்டு வாங்கிக்கொண்டு போவார். உனக்கு இழுப்பு வந்தால் நான் முந்தானையில் காசு முடிந்துகொண்டு போவேன். போவது இருவரும் அதே டாக்டரிடம்தான்.

உன்னை அவர் எப்படிப் பார்ப்பார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டையைத் தூக்கி முன்னாலும் பின்னாலும் காது வைத்துக் கேட்பார். எங்கே படுக்கிறான், ஜன்னல் பக்கமா, அடுப்புப் பக்கமா, என்ன சாப்பிட்டான் என்று என்னைக் குடைவார். வெளியே இருபது பேர் காத்திருந்தாலும் அவசரப்பட மாட்டார். முடிச்சை நான் அவிழ்த்தால், 'அடுத்த தடவ பாத்துக்கலாம்மா' என்பார். கம்பெனி ஆட்களுக்கு அப்படி இல்லை. கவுன்டர் பெண் 'கம்பெனி! கம்பெனி யாரு?' என்று கூவி அவர்களை முதலில் உள்ளே விடுவாள், ஏனென்றால் பட்டறைக்கு ஆள் சீக்கிரம் திரும்ப வேண்டும். கதவு திறக்கும், நாக்கை நீட்டு என்பார், கதவு மூடும். பட்டறை மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிடும், ஆளைப் பத்து நிமிஷம் பார்த்தாலும் ஒரு நிமிஷம் பார்த்தாலும் ஒன்றுதான். அப்பா இதை ஒரு கேலியாகவே வைத்திருந்தார். 'உனக்கு ராஜ வைத்தியம், எனக்குச் சீட்டு வைத்தியம்டா' என்று உன் கன்னத்தைக் கிள்ளுவார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் பட்டறையில் இரும்புத் தகடு நழுவி அவர் வலது மணிக்கட்டில் விழுந்தது. சீட்டோடு போனார். டாக்டர் தொட்டுப் பார்த்து, சுளுக்கு என்று சொல்லி, களிம்பு கொடுத்து, லைட் டியூட்டி எழுதினார். ராத்திரி சோற்றைப் பிசைய முடியவில்லை, நான் ஊட்டிவிட்டேன். நீ பார்த்துச் சிரித்தாய். எனக்குத்தான் ஒரு யோசனை தோன்றியது.

"என்னங்க, நாளைக்குச் சீட்ட வீட்டுலயே வெச்சிட்டு வாங்க. நாம காசு குடுத்துப் பாப்போம். நம்ம புள்ளையப் பாக்கற மாதிரி உங்களையும் பாப்பாரு."

"ஒரே டாக்டர், ஒரே கைடி. காசு குடுத்தா வேற கையா மாறிடுமா?"

சொன்னாரே தவிர, மறுநாள் சாயங்காலம் கோவிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். கவுன்டர் பெண் 'கம்பெனி' என்று கூவவில்லை. காத்திருந்து எங்கள் முறை வந்ததும் போனோம். டாக்டர் அந்தக் கையை மடியில் வைத்து ஒவ்வொரு எலும்பாக அழுத்திப் பார்த்தார். விரல்களை மடக்கச் சொன்னார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். டாக்டர் முகம் மாறியது.

"எலும்பு விட்டிருக்கு. கட்டுப் போடணும். ஒரு மாசமாவது இந்தக் கையால எதையும் புடிக்கக் கூடாது."

நேற்றுப் பார்த்த அதே கை, தம்பி. நேற்றுச் சுளுக்கு, இன்றைக்கு முறிவு. எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை, உண்மை தெரிந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்தது. அவ்வளவு வெகுளி. "அப்ப எம்.சி. எழுதிக் குடுங்க டாக்டர்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். "இப்ப நீங்க காசு குடுத்து வந்திருக்கீங்க. பட்டறைக்கு நான் நேத்தே எழுதிட்டேன்மா. மாத்தி எழுதினா என்னை வெச்சிருக்க மாட்டாங்க. அவங்க குடுக்கறதுலதான் இங்க வர்ற மத்தவங்களப் பாக்கறேன். உங்க பையனையும்தான்."

கையில் பட்டை வைத்துக் கட்டிவிட்டார், காசு வாங்கவில்லை. அப்பா நன்றி சொன்னார். நானும் சொன்னேன்.

வேறு டாக்டரிடம் எம்.சி. வாங்கினால் பட்டறை ஏற்காது. வேலைக்குப் போகாவிட்டால் ஆளை எடுத்துவிடுவார்கள். அப்பா போனார். கப்பலின் எண்ணெய்த் தொட்டி வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணும் வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலைதான். ஆனால் அந்த இடத்துக்குப் போக நெட்டுக்குத்தான இரும்பு ஏணி ஏற வேண்டும். ஏணிக்கு இரண்டு கை வேண்டும். விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. அப்பா ஏணியில் வழுக்கி விழுந்தார் என்று உனக்குச் சொல்லி வைத்தேன். வழுக்கவில்லை. பிடிக்கக் கை இல்லை.

பிறகு லேபர் ஆபீசில் விசாரணை என்று ஒன்று நடந்தது. மணிக்கட்டு ஏற்கெனவே உடைந்திருந்ததா என்று டாக்டரைக் கேட்டார்கள். எங்கள் முன்னாலேயே கேட்டார்கள். பட்டறை ஆளும் அந்த அறையில் இருந்தான். டாக்டர் சுளுக்கு என்றார். இந்த ஆளுக்கு லேசான வேலைதான் கொடுத்தோம், தானாக விழுந்தான் என்று பட்டறை கையைக் கழுவிவிட்டது. கொடுத்தது ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூடக் காணவில்லை. அப்பா வாசலில் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். 'என்கிட்ட பொய் சொன்னாரா, அவங்ககிட்ட பொய் சொன்னாரான்னு தெரியாமலா இருக்கும் அவருக்கு?' அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நீ மருத்துவம் சேர்ந்த வருஷம் வரை ஜன்னல் ஓரத்தில் அந்த நாற்காலியில் இருந்தார். மீதியை நீ அறிவாய்.

அந்த மனிதர் கெட்டவர் என்று நான் சொன்னால் உனக்குச் சுலபமாகிவிடும், எனக்கும் சுலபமாகிவிடும். அவர் கெட்டவர் இல்லை. விசாரணைக்குப் பிறகு உன்னிடம் ஒரு தடவைகூடக் காசு வாங்கவில்லை. உன் படிப்புக்குப் புத்தகம் வாங்கித் தந்தார். நீ அவரைப் போல ஆக வேண்டும் என்று சொன்னபோது அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்கள். இவர் அப்பனைக் கிள்ளிப் பிள்ளையின் தொட்டிலை ஆட்டினார். நான் அந்தப் புத்தகங்களை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று தூக்கி எறிய எனக்கு வசதி இல்லை. அதற்காக இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் போவதில்லை. 'அவன் படிக்கட்டும்டி, அவனுக்கு எதுக்கு இதெல்லாம்' என்று அப்பாதான் வாயை அடைத்தார். உன் நெஞ்சில் மூச்சு ஓடுவதற்கு உன் அப்பாவின் கை விலையாகப் போயிற்று என்று பத்து வயதுப் பிள்ளையிடம் எந்தத் தாய் சொல்வாள்? இன்றைக்கு நீ பத்து வயதுப் பிள்ளை இல்லை. அதனால் சொல்கிறேன்.

எனக்கு எரிகிறதே, அது எங்கே எரிகிறது தெரியுமா? அந்தப் பெண்ணுக்கு நீ லைட் டியூட்டி என்று எழுதியதில்கூட அவ்வளவு இல்லை. 'கிழவங்கள யாரு பாக்கறது' என்றாயே, அதில்தான். தர்மத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்றாய். சரி, அந்தக் கிழவர்களிடமே போய்க் கேள். 'உங்க இருமல் மருந்துக்கு ஒரு பெண்ணோட விரல் போகுது, பரவாயில்லையா?' என்று அந்த மக்சிக்கிடம் கேட்டுப் பார். மருந்து பாட்டிலை உன் முகத்தில் விட்டெறிவாள். அவர்கள் பெயரைச் சொல்லி நீ எடுக்கும் முடிவை அவர்களிடம் ஒரு நாளாவது கேட்டாயா? சீட்டோடு வருகிறவன் கம்பெனியின் சாமான், காசோடு வருகிறவன் மனிதன், ஒன்றும் இல்லாமல் வருகிறவன் உன் புண்ணியக் கணக்கு. இந்த மூன்றில் நோயாளி எவன்? படிக்கும்போது உனக்கு எத்தனையோ எலும்பின் பெயரெல்லாம் சொல்லிக்கொடுத்தார்களே, இதை யாரும் சொல்லித் தரவில்லையா?

எம்.சி.யை எழுதுகிற பேனா உன்னுடையதா, மேனேஜருடையதா என்று முதலில் முடிவு செய். உன்னுடையது என்றால் அவன் போன் பண்ணும்போது, 'வைத்தியம் என் வேலை, ஆள் கணக்கு உங்க வேலை' என்று சொல். கான்ட்ராக்ட் போகும். போகட்டும். கிளினிக்கில் பாதி நாற்காலி காலியாகும். வாடகை இடிக்கும். ரீட்டா டீச்சர் சம்பளம் வாங்குகிறாள், என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, சோற்றுக்குப் பஞ்சம் வராது. கிழவர்களைப் பாதிக் காசுக்குப் பார்க்க முடியாமல் போனால் அவர்கள் அரசாங்க மருந்தகத்தில் போய் வரிசையில் நிற்பார்கள், கால் வலிக்கும், உன்னைத் திட்டுவார்கள். வாங்கிக்கொள். கால் வலி ஆறும், வெட்டின விரல் முளைக்காது. உன் கல்யாண விருந்துக்கு அந்தப் பெர்சனல் மேனேஜரை முதல் மேசையில் உட்காரவைக்கப் போவதாக ரீட்டா சொன்னாள். உட்காரவை. நானே பரிமாறுகிறேன், இடது கையில் ஒரு விரல் குறைந்த பெண்ணைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து.

ஆமாம், விரல் போய்விட்டது. சீழ் மேலே ஏறிவிடும் என்று புதன்கிழமை ஆள்காட்டி விரலின் மேல் கணுக்களை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, 'மைக்ரோஸ்கோப்ல பாக்கற வேலைக்காவது எடுத்துக்குவாங்களா ஆன்ட்டி?' என்பது. ஊரில் தம்பி தங்கைகள் இவள் அனுப்புவதில் படிக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து ஒருவன் வந்தான். காயத்தை அவள்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, எங்கள் டாக்டர் சின்னக் காயம் என்றுதான் எழுதினார் என்றான். பெர்மிட்டை முடித்து ஜொகூருக்கு அனுப்பிவிடும் பேச்சும் இருக்கிறது. எங்கள் டாக்டர்! உன்னை அப்படித்தான் சொல்கிறார்கள். நான் பெற்றேன், அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டாய்.

நேற்று ஆஸ்பத்திரியில் ஓர் அம்மாள் வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்தாள். இயந்திரத்தில் அடிபட்டு வருகிறவர்களை விசாரித்து லேபர் ஆபீசுக்கு எழுதுகிறவளாம். தமிழும் பேசினாள். முதலில் காயத்தைப் பார்த்த டாக்டர் யார் என்று கேட்டாள். சகாயமேரி என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஞாபகம் இல்ல மிஸ்" என்றாள். பயத்தில் சொல்லவில்லை, தம்பி. அதுவரை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அதற்காகச் சொன்னாள். உன் ஓலை வாசித்தபோது என் முகத்தைப் பார்த்திருப்பாள் அல்லவா, அதற்காகச் சொன்னாள். விரலைக் கொடுத்த பெண் உன்னையும் மறைத்துக் கொடுத்தாள்.

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயர். கிளினிக் இருக்கும் பிளாக்கையும் சொன்னேன். அந்த அம்மாள் எழுதிக்கொண்டே, 'உங்களுக்கு அவரைத் தெரியுமா?' என்று கேட்டாள். என் மகன் என்றேன். அவள் பேனா நின்றது. எழுதுங்கள் என்றேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவர்கள் உன்னை அழைத்தாலும் அழைப்பார்கள். அன்றைக்கே எம்.சி. கொடுத்திருக்க வேண்டிய காயமா, இல்லையா என்று கேட்பார்கள். கம்பெனி போன் செய்ததா என்றும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நீ ஆமாம் என்றால் அவளுக்கு நஷ்ட ஈடு கிடைக்கும், பெர்மிட்டுக்கும் ஒரு வழி பிறக்கலாம், உனக்குக் கம்பெனி போகும், பெயரும் கொஞ்சம் கெடும். சின்னக் காயம்தான் என்றால் உனக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் அவள் பஸ்ஸில் ஜொகூர் போவாள். அந்த அறையில் கம்பெனி ஆள் ஒருவன் உட்கார்ந்திருப்பான். நானும் உட்கார்ந்திருப்பேன். இன்னொரு தடவை அந்த அறையில் உட்கார்ந்து ஒரு டாக்டர் வாயால் பொய் கேட்க என் உடம்பில் தெம்பில்லை. ஆனாலும் வருவேன். என்னைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்.

கோபம் குறையாத,
உன் அம்மா